என் வீட்டுக்காரருக்கு பி நெகட்டிவ்

சாட்சி: ரோகினி த/பெ சுகுமாறன், வயது 31. சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல, விசாரணைப் பிரிவு சார்ஜன் அமிர்தலிங்கம் தமிழிலேயே எழுதிக்கொண்டது. மலாய் மொழிபெயர்ப்பு தனியாக இணைக்கப்படும்.

என் பெயர் ரோகினி. சுவா என்ற ஊரில் தாமான் செரோஜா குடியிருப்பில் வசிக்கிறேன். செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. கன்றுகளுக்கு மண் பை நிரப்பும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர் நான்தான். என் கணவர் பெயர் புனிதன், வயது 34. போர்ட்டிக்சன் போகும் சாலையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்களோடு ஒரே வீட்டில் என் மாமியார் மயிலம்மாளும், என் கணவரின் தம்பி குணாளனும் இருக்கிறார்கள். குணாளனுக்கு வயது 28, பழ லோரி ஓட்டுகிறார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் இப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. சார்ஜன் என் முதுகுக்கு ஒரு தலையணை வரவழைத்துக் கொடுத்தார் என்பதையும் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்.

என் கணவர் இதே காவல் நிலையத்தில் கொடுத்த புகார் தொடர்பாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். அவருடைய அடையாள அட்டையை யாரோ ஒரு ஆள் திருட்டுத்தனமாகக் காட்டி, அவர் பெயரில் இரத்ததானம் செய்துவிட்டான் என்பது அந்தப் புகார். அந்த யாரோ ஒரு ஆள் யார் என்பது எனக்குத் தெரியும். முறைப்படி ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்கு பி நெகட்டிவ் இரத்தம். கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போனபோது கிளினிக்கில் பார்த்துச் சொன்னார்கள். உடனே அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி என் கணவரையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னார். அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் பிள்ளை பாசிட்டிவாக இருக்கக்கூடும், அப்போது தாயின் உடம்பு பிள்ளையின் இரத்தத்தை அந்நியன் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும், அதைத் தடுக்க ஊசி போட வேண்டியிருக்கும் என்று விளக்கினார். என் கணவருக்கு ஊசி என்றால் நடுக்கம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். முடிவு வந்தபோது அவருக்கும் பி நெகட்டிவ். மிஸ்ஸிக்குச் சிரிப்பு. “நம்ம ஆளுங்கள்ல நெகட்டிவ் நூத்துக்கு அஞ்சு பேருக்குத்தாம்மா இருக்கும். எப்படிலா ரெண்டு பேரும் தேடிப் புடிச்சீங்க?” என்றார். அன்றிலிருந்து என் மாமியார், ஜாதகத்தில் ஏழு பொருத்தம், இரத்தத்தில் எட்டாவது என்று பாசார்ச் சந்தையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இது எதற்கு என்று சார்ஜன் கேட்டார். பின்னால் வேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

அதன் பிறகு கோயில் திருவிழா வந்தது. லிங்கிப் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் என் கணவர் குடும்பத்துக் கோயில். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் டவுன் பக்கம் வீடு மாறிப் போய்விட்டாலும் தீமிதிக்கு வந்துவிடுவார்கள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து நான் உண்டானதால் என் கணவர் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மொட்டை போட்டுக்கொண்டு, காப்புக் கட்டி, கோயிலிலேயே தங்கினார். அண்ணனுக்குத் துணையாகக் குணாளனும் மொட்டை போட்டுக்கொண்டார். காப்புக் கட்டியவர் பணப்பை, கைப்பேசி, மோட்டார் சைக்கிள் சாவி எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. எல்லாவற்றையும் வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். காப்பு அவிழ்க்கும்வரை அவர் உடம்பில் கத்தியோ ஊசியோ படவும் கூடாது. வயிற்றுப் பிள்ளையோடு தீக்குழிப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால் நான் தீமிதிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து கைப்பேசியில் நேரலை பார்த்தேன். என் கணவர் குழியைத் தாண்டியதும் என் மாமியார் போட்ட சத்தத்தில் கைப்பேசியே அதிர்ந்தது.

தீமிதியன்று காலையில் கோயில் மண்டபத்தில் நிர்வாகத்தார் இரத்ததான முகாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். நகர மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து என் கணவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மருத்துவமனையிலிருந்து பேசுவதாகவும், அவர் கொடுத்த இரத்தம் பற்றிப் பேச நேரில் வர வேண்டும் என்றும் ஒரு பெண் சொன்னார். என் கணவர், “நான் எங்க ரத்தம் குடுத்தேன்?” என்று கேட்டுவிட்டுத் துண்டித்தார். “ஸ்கேமர்லா. இனி பேங்க் நம்பர் கேப்பான்” என்றார். மறுநாளும் அழைத்தார்கள், அப்போதும் துண்டித்தார். அதற்கடுத்த முறை நான் எடுத்தேன். அந்தப் பெண் வங்கிக் கணக்கு எதுவும் கேட்கவில்லை. என் கணவரின் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்லி, மற்றதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார். அவர் குரல் மிகவும் தன்மையாக இருந்தது. அந்தத் தன்மையால்தான் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தொலைபேசியில் சொல்ல முடியாத இரத்த வியாதி என்றால் என்ன நினைப்பார்கள்? எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். மருத்துவமனைக்குப் போகும் வழியில் காரில் அவரிடம், “யார்கிட்ட போனீங்க? இப்பவே சொல்லிடுங்க. அங்க போய் ஊர் முன்னாடி கேக்க வைக்காதீங்க” என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “நம்ம புள்ள மேல சத்தியம் ரோகினி” என்றார். பிள்ளையை இழுக்க வேண்டாம் என்றேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம். அதைவிடப் பெரிய பயம் வயிற்றில் இருந்தது. அவருக்கு இருந்தால் எனக்கும் இருக்கும், எனக்கு இருந்தால் பிள்ளைக்கும் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இரத்த வங்கியில் டாக்டர் ஃபர்சானா எங்களைப் பார்த்தார். தமிழ் பேசுகிற முஸ்லிம் டாக்டர். மனைவி கூட இருக்கலாமா என்று முதலில் என் கணவரிடம் கேட்டார். அவர் இருக்கட்டும் என்றார். தானமாக வாங்கும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் வகையையும் நான்கு விதத் தொற்றுகளையும் பார்ப்பார்கள் என்றும், அவர் கொடுத்த பையில் ஹெப்பாடைட்டிஸ் சி என்ற ஈரல் கிருமி இருப்பதாக இரண்டு முறை பார்த்தும் வந்திருக்கிறது என்றும் சொன்னார். நான் பயந்த வியாதி அது இல்லை. என்றாலும் மூச்சு விட நேரமில்லை. என் கணவர், “டாக்டர், அன்னைக்கு நான் காப்புக் கட்டியிருந்தேன். என் மேல ஊசியே படக்கூடாது. எப்படி ரத்தம் குடுத்திருப்பேன்?” என்று கேட்டார். டாக்டர் கணினித் திரையைப் பார்த்துப் பெயர், அட்டை எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் வாசித்தார். எல்லாம் எங்களுடையதுதான். கடைசியாக, “ரத்த வகை பி பாசிட்டிவ்” என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “டாக்டர், என் வீட்டுக்காரருக்கு பி நெகட்டிவ்” என்றேன். நான் கத்தியதாக என் கணவர் சொல்கிறார். கத்தியிருப்பேன். டாக்டர் என்னைக் கோபிக்கவில்லை. எங்கே பார்த்தது, எப்போது பார்த்தது என்று கேட்டுவிட்டு, “இரத்த வகை மாறாதும்மா. ரெண்டுல ஒண்ணு வேற ஆளோடது. இப்பவே பாத்துருவோம்” என்று சொல்லி, என் கணவரிடமும் என்னிடமும் அங்கேயே புதிதாக இரத்தம் எடுத்தார். என் கணவர் அன்று சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஊசி ஏறுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்த வகையை உடனே பார்த்துவிட்டார்கள், பி நெகட்டிவ்தான். கிருமி முடிவுக்கு மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் போனபோது டாக்டர் கதவைத் திறக்கும்போதே சிரித்தார். அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஹெப்பாடைட்டிஸ் சி இல்லை, மற்ற மூன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் பசி வந்தது. மருத்துவமனை கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டேன். என் கணவர் தன் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதில் பாதியையும் சாப்பிட்டேன். இது வழக்குக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்று சார்ஜன் சொன்னார். எழுதத்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு நாள் நான் பட்டதற்கு அதுதான் சாட்சி.

அதன் பிறகு டாக்டர் இரண்டு காரியம் சொன்னார். அடையாள அட்டையை யாரோ பயன்படுத்தியிருப்பதால் போலிஸில் புகார் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்றை எங்கள் இருவரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார். “அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் எங்கயோ சாதாரணமா நடமாடிட்டு இருக்கார். உடம்புல ஒண்ணும் தெரியாது. வருசக்கணக்கா ஈரலைத் தின்னுட்டே இருக்கும். இப்பக் கண்டுபுடிச்சா மாத்திரையிலேயே சரி பண்ணிடலாம். எப்படியாவது தேடுங்க” என்றார். அன்றே என் கணவர் இங்கே வந்து புகார் கொடுத்தார். எனக்கு அந்த ஆளின் ஈரலைப் பற்றி அக்கறை இல்லை. அவன் கையில் விலங்கு மாட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. இதே மேசைக்கு முன்னால் நின்று, “அவனப் புடிச்சா எனக்குச் சொல்லுங்க சார், நானும் ரெண்டு குடுக்கணும்” என்று சொன்னேன். சார்ஜனுக்கு நினைவிருக்கிறது.

வீட்டில் யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிட்டாலும், ஆஸ்பத்திரி, இரத்தம், கிருமி என்று மூன்று வார்த்தை வெளியே போனால் ஊர் நான்காவது வார்த்தையைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். என் மாமியார் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து இருவருக்கும் தனித்தனியாகப் புத்தி சொன்னார். குணாளன் வழக்கம்போல லோரி வேலை முடிந்து வந்து, முளைத்துக்கொண்டிருந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனம் மட்டும் அட்டையை விட்டு நகரவில்லை. என் கணவரின் அட்டை ஒரு நாளும் தொலைந்ததில்லை. அது இருப்பது பணப்பையில். பணப்பை அவரிடம் இல்லாமல் இருந்தது காப்புக் கட்டியிருந்தபோது மட்டும்தான். அப்படியானால் அன்று பணப்பையை வாங்கி வைத்திருந்த குணாளனைக் கேட்டால் எங்கே விட்டார், யார் எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஒரு சாயங்காலம் என் மாமியார் சமையற்கட்டில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். என் கணவர் வாசலில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார். நான் குணாளனிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“குணா, தீமிதியன்னைக்கு அண்ணன் பேர்சை எங்கயாச்சும் வச்சிட்டியா? ஐசி கார்டு கைமாறுன மாதிரி தெரியுது.”

“இல்லையே அண்ணி. என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. ரத்தம் குடுக்குறப்ப மட்டும் ஐசிய எடுத்தேன்” என்றார்.

எனக்கு ஒரு கணம் அடுப்படிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. “யாரு ரத்தம் குடுத்தது?” என்று கேட்டேன்.

“நான்தான் அண்ணி. அண்ணன் பேருல குடுத்தேன்” என்றார். சொல்லும்போது அவருக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. “இன்னைக்கு ரத்தம் குடுக்குறதும் ஒரு நேர்த்திக்கடன்தான்னு மைக்குல சொன்னாங்க. அண்ணன் காப்புக் கட்டியிருக்கு, ஊசி படக்கூடாது. புள்ளைக்காகத்தானே அது வேண்டிக்கிட்டு இருக்கு. சரி, அர்ச்சனைத் தட்டுல அண்ணன் பேரும் நட்சத்திரமும் சொல்றோம்ல, அது மாதிரி இதையும் அண்ணன் பேருல குடுத்துடலாம்னு நெனச்சேன். வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதுன்னுதான் சொல்லல.”

முகாமில் இருந்த மிஸ்ஸி அட்டையில் உள்ள படத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “பாத்தாங்க. படத்துல முடி இருக்கு, எனக்கு இல்ல. மொட்டை போட்டா அப்படித்தான்னு சிரிச்சாங்க” என்றார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே காது. முடி இருந்தால்தான் யார் யார் என்று தெரியும்.

அதன் பிறகு வாசலிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டு, மூவருமாக அறைக்குள் போய், நான் குணாளனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிருமியின் பெயரைச் சொன்னதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தனக்கு என்ன ஆகும் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அது இல்லை.

“அண்ணி, அந்த ரத்தத்த யாருக்காச்சும் போட்டுட்டாங்களா?”

இதே வார்த்தைகளைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அங்கேயே டாக்டர் ஃபர்சானாவைத் தொலைபேசியில் பிடித்து, ஒலியைக் கூட்டி வைத்தேன். பரிசோதனை முடியாமல் ஒரு பைகூட வெளியே போகாது என்றும், அந்தப் பையை அன்றே தனியாக ஒதுக்கி அழித்துவிட்டார்கள் என்றும், ஒரு சொட்டுகூட யார் உடம்பிலும் ஏறவில்லை என்றும் டாக்டர் சொன்னார். குணாளன் இரண்டு கையாலும் மொட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். என் மாமியார் கரண்டியோடு ஓடி வந்தார். என் கணவர் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, “எனக்குப் புண்ணியம் வேணும்னு உன்கிட்ட யார்றா கேட்டா?” என்று திட்டிவிட்டு, அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டார். கருவாடு கருகிப் போனது. அன்று இரசம் சோறுதான்.

மறுநாள் நாங்கள் மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். குணாளனிடம் அவருடைய சொந்த அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் இரண்டு முறை பார்த்த பிறகுதான் இரத்தம் எடுத்தார்கள். பி பாசிட்டிவ். பிளஸ், மைனஸ் மட்டுமல்ல, இரத்த அணுக்களின் மேல் இன்னும் சின்னச் சின்ன அடையாளங்கள் நிறைய உண்டு என்றும், எடுத்து வைத்திருந்த மாதிரியோடு அவற்றையும் ஒத்துப் பார்த்ததில் எல்லாம் பொருந்துகிறது என்றும் டாக்டர் சொன்னார். கிருமியும் இருந்தது. எப்படி வந்திருக்கும் என்று டாக்டர் கேட்டபோது, குணாளன் சட்டைக் கையை மேலே சுருட்டித் தேள் படத்தைக் காட்டினார். பள்ளிக்கூடம் முடித்த வருடம் கூட்டாளிகள் நான்கு பேர் ஒரே ஊசியில் குத்திக்கொண்ட பச்சை. அதுவாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மற்ற மூவரையும் குணாளனே தேடிப்பிடித்துக் கூட்டிப் போனார். மூவருக்கும் இல்லை. ஈரல் ஸ்கேன் செய்து பார்த்ததில் குணாளனின் ஈரல் இன்னும் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, பிள்ளையைத் தூக்கினால் ஒட்டாது, சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மாமியார் அந்த நிமிடமே சின்ன மகனுக்கு ஒரு சிவப்பு பிரஷ் வாங்கி வந்தார்.

சார்ஜன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். என் கணவரின் பெயரை இரத்ததானப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது குணாளன்தான், அதை அவரும் மறுக்கவில்லை. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் தூண்டவில்லை. அதனால் அவருக்குக் கிடைத்தது ஒரு பாக்கெட் மைலோவும் பிஸ்கெட்டும். அட்டையை வேறு எதற்கும் அவர் பயன்படுத்தவில்லை. தனக்குக் கிருமி இருப்பது தெரிந்தே கொடுத்தாரா என்றால், இல்லை. தெரிந்திருந்தால் சாமி காரியத்தில் அதைக் கொடுக்கிற ஆள் அவர் இல்லை. அடுத்தவர் பெயரில் இரத்தம் கொடுப்பது தப்பு. பரிசோதனை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன், என் மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு என்ன தண்டனை என்பதைச் சட்டம் பார்த்துச் சொல்லட்டும். என் கணவருக்கும் எனக்கும் அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை. அந்த ஆளைப் பிடித்தால் இரண்டு கொடுக்க வேண்டும் என்று முன்பு நான் சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை. அதை வீட்டிலேயே கொடுத்துவிட்டேன்.

அந்த முகாமில் அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு இத்தனை பாடு இல்லை. ஆனால் கொடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கு இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

குணாளன் இப்போது மாத்திரை சாப்பிட்டு வருகிறார். நேற்று எடுத்த பரிசோதனையில் கிருமி கண்ணில் படவில்லை என்று இன்று காலை டாக்டர் அழைத்துச் சொன்னார். முழுதாகப் போய்விட்டதா என்பதை மாத்திரை முடிந்து கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்களாம். மாத்திரை வாங்க ஒவ்வொரு முறையும் நான்தான் அவரோடு போகிறேன். மருந்துக் கவுண்டரில் பொட்டலத்தை நீட்டியதும் பையில் போட விட மாட்டேன். முதலில் மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்ப்பேன். குணாளன் என்றுதான் இருக்கிறது. அதை வாய்விட்டு ஒரு முறை படித்த பிறகே அவர் கையில் கொடுப்பேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எழுதிய அனைத்தையும் சார்ஜன் எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார். நான் சொல்லாதது எதுவும் சேரவில்லை, சொன்னது எதுவும், மீ கோரெங் உட்பட, விடுபடவில்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் சொல்லவில்லை. அத்தனையும் என் கண்ணும் காதும் அறிந்த உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ரோகினி

என் முன்னிலையில், சார்ஜன் அமிர்தலிங்கம்